லீவு எடுத்த இருமல்

லோகேஸ்வரி தனக்கென்று ஒரு தட்டை ஒதுக்கி மூன்று மாதமாகிவிட்டது. நீல விளிம்பு போட்ட பிளாஸ்டிக் தட்டு. அதோடு ஒரு குவளை, ஒரு கரண்டி. மூன்றையும் வீட்டுப் பாத்திரங்களோடு சேர்க்காமல் குளியலறைக் குழாயில் கழுவி, பின்பக்கத்துக் கம்பியில் கவிழ்த்து வைப்பாள். ஏன் என்று புருஷன் சுகுமாறன் கேட்டதற்கு, "கையில சொறிங்க. புள்ளைக்கு ஒட்டிக்கும்" என்றாள். கையை நீட்டியும் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் சிவந்து தடித்திருந்தது. மணிக்கட்டில் தோல் வெடித்துக் கிடந்தது. அவன் பார்த்துவிட்டு "எண்ணெய் போடு" என்றான். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவன் கையும் பார்க்கிற மாதிரி இருக்காது.

சொறி பொய்யில்லை. ஆனால் தட்டு சொறிக்காக ஒதுக்கினது இல்லை.

தீபாவளி முடிந்த வாரத்தில் பிடித்த இருமல். முதலில் வறட்டு இருமல்தான். பிறகு நெஞ்சுக்குள் யாரோ ஓட்டைப் புல்லாங்குழலை வைத்து ஊதுகிற மாதிரி சத்தம் வந்தது. படுத்தால் மூச்சு நிற்கும், எழுந்து உட்கார்ந்தால் போகும். உடம்பு வற்றிக் கழுத்தெலும்பு தெரிந்தது. லோகேஸ்வரிக்கு இந்த இருமல் புதிதல்ல. அவளுக்கு ஒன்பது வயதாகும்போது, தோட்டத்து லய வீட்டில், அப்பாவின் நெஞ்சிலிருந்து இதே சத்தம் வந்தது. அப்பாவுக்கும் ஒரு தனித்தட்டு இருந்தது, தகரத்தட்டு. அம்மா அதை வாசலோரம் வைத்துவிட்டு ஒரு குச்சியால் உள்ளே தள்ளுவாள். பிள்ளைகள் பக்கத்தில் போனால் அடி விழும். டிபி என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தது பெட்டி.

ஆகவே அவள் யாரிடமும் காட்டவில்லை. டாக்டரிடம் போனால் பெயர் எழுதுவார்கள். பெயர் எழுதினால் ஃபேக்டரிக்குச் சொல்வார்கள். சாப்பாட்டுச் சாமான் செய்கிற இடத்தில் டிபிக்காரியை ஒரு மணி நேரம் வைத்திருப்பார்களா? அதைவிட, ஏழு வயசு மாதவியை அவளிடமிருந்து பிரித்துவிடுவார்கள். அதை அடுத்தவர்கள் செய்ய வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்று அவளே பிரித்துக்கொண்டாள். தட்டு தனி. பாய் தனி, ஹாலில், கதவோரம். மாதவி மேலே விழுந்து கட்டிக்கொள்ள வந்தால், "சொறி, சொறி, தள்ளிப் போ" என்று முழங்கையால் ஒதுக்குவாள். பிள்ளை முதலில் அழுதது. பிறகு பழகிவிட்டது. பழகினதுதான் லோகேஸ்வரிக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

வேலை கிள்ளானில், துறைமுகம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் இறால் ஃபேக்டரியில். முப்பது பெண்கள் நீளமான எவர்சில்வர் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று, ஐஸ் தண்ணியில் கிடக்கும் இறாலைத் தலை திருகி, ஓடு உரித்து, முதுகைக் கீறிக் குடலை இழுப்பார்கள். கூலி கிலோவுக்கு. முழுக் கையுறை போட்டால் இறால் வழுக்கும், குடலைப் பிடிக்க நகம் வேண்டும். அதனால் புதிதாக வருகிற எவளுக்கும் அங்கே முதல் பாடம், கம்பெனி கொடுக்கும் கையுறையின் விரல் நுனிகளைக் கத்தரியால் நறுக்கிவிடுவது. லோகேஸ்வரிக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் நறுக்கிக் கொடுத்தவள் தாமரை. ஐம்பதைத் தாண்டியவள், வாயால் இறால் உரிக்கச் சொன்னாலும் உரித்துவிடுவாள், அவ்வளவு வாய்.

நறுக்கின ஓட்டை வழியாக இறால் தண்ணி உள்ளே இறங்கும். காலையில் இறங்கினது சாயங்காலம் கழற்றும்போதுதான் வெளியே கொட்டும். கை வெளுத்து, சுருங்கி, அரிக்கும். யாருக்குத்தான் அரிக்கவில்லை? "சொறி வராதவ இறால் உரிக்கிறவளே இல்லடி" என்பாள் தாமரை. அதை அங்கே யாரும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. மஞ்சள், தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான் வைத்தியம்.

சனிக்கிழமை சனிக்கிழமை தலைகளை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் ஒரு பொட்டலம் எடுத்துப்போய் ரசம் வைப்பார்கள். லோகேஸ்வரி ஒரு சாக்கே எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தத் தலைகளை வாணலியில் மொறுமொறுவென்று வறுத்து, மிக்சியில் அரைத்து, சலித்துப் பொடியாக்குவாள். பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நாத்தனாருக்கு அந்தப் பொடி இல்லாமல் மிளகாய்ச் சம்பால் இறங்காது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, "பாவ்லா லோகே, பாவ்" நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லிவிட்ட நாளிலிருந்து, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டுதான் வறுப்பாள். மிக்சி மூடியைத் திறந்தால் பொடி புகை மாதிரி எழும்பும். ஞாயிறு சாயங்காலம்தான் இருமல் அவளைப் பிழிந்து எடுக்கும்.

அதை வைத்து அவள் தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள். வேலையால் வந்த இருமல் என்றால் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை குறைய வேண்டும். குறையவில்லை, கூடுகிறது. அப்படியென்றால் வேலையில் இல்லை, நெஞ்சுக்குள்தான் இருக்கிறது. அப்பனுடையது மகளுக்கு.

சீனப் பெருநாள் வந்தது. சீன முதலாளி தவுக்கே பதினொரு நாள் ஃபேக்டரியைப் பூட்டினார். மேசை காய்ந்தது. தலையும் இல்லை, பொடியும் இல்லை. நாத்தனார் போன் போட்டுத் திட்டினாள், "சீனனுக்குப் பெருநாளுன்னா என் கடைக்கு என்ன பெருநாளா?" என்று.

நாலாம் நாள் லோகேஸ்வரி விடியும்வரை தூங்கினாள். எழுந்தபோது ஏதோ தப்பாக இருக்கிற மாதிரித் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, சத்தம் இல்லை. நெஞ்சு சும்மா இருந்தது. ஆறாம் நாள் லிஃப்ட் கெட்டுப்போய், பத்துக் கிலோ அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறினாள். நடுவில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வீட்டுக் கதவுக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது.

சந்தோஷப்பட்டாளா? இல்லை. பயந்து போனாள். அணையப் போகிற விளக்கு பளிச்சென்று எரியும் என்பது அவளுக்குத் தெரியும். அப்பாவும் சாவதற்கு முந்தின வாரம் எழுந்து உட்கார்ந்து, மீன் குழம்பு கேட்டார். அன்றைக்கே அவள் மாதவியின் பள்ளிக்கூடச் சட்டைகளையெல்லாம் எடுத்துத் தையல் பிரிந்த இடங்களைத் தைத்தாள். சுகுமாறனுக்கு அடுப்புக் கேஸ் தோம்பைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்தாள்.

"எனக்கெதுக்கு இதெல்லாம்? நீ எங்க போகப் போற?" என்றான் அவன்.

"சும்மா தெரிஞ்சி வச்சிக்குங்க. ஆம்பளைக்கு அடுப்பு தெரியாம இருந்தா கேவலம்" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் ஃபேக்டரி திறந்தது. தேங்கிக் கிடந்த ஆர்டருக்கு ஒரே நாளில் இரண்டு லோரி இறால் இறங்கிற்று. தரை கழுவுகிறவன் பெரிய பைப்பைப் பிடித்து மேசையை அடித்து விட, ஓட்டுத் தூளும் தண்ணியும் பனி மாதிரி பறந்தது. பின்னால் வேகவைக்கிற அறையின் கதவு திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு தடவையும் ஆவி குப்பென்று வந்தது. லோகேஸ்வரி நறுக்கின கையுறையை மாட்டி, முதல் கூடையை முடிக்கவில்லை, கழுத்தில் கயிறு போட்டு இழுத்த மாதிரி இருந்தது. இரண்டாவது கூடையில் இருமல். மூன்றாவது கூடையை அவள் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். உதடு நீலமாகியிருந்தது.

"சிவநேசா! ஏய் சிவநேசா! இவளப் பாருடா!" தாமரையின் குரலுக்கு ஃபேக்டரியே திரும்பியது.

சூப்பர்வைசர் சிவநேசன் ஓடி வந்தான். கம்பெனி வேன் வாசலில்தான் நின்றது, பின்னால் இறால் பெட்டி ஒழுகிக்கொண்டு. அதில் தூக்கி வைக்கப் போனார்கள். லோகேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு ஏற மாட்டேன் என்று தலையை ஆட்டினாள், அந்த வாடைக்கே தொண்டை அடைத்தது. "ஒன் காருல போடுடா, சாமி சிலையாட்டம் பூட்டி வச்சிருக்கிற காருல!" என்று தாமரை கத்தினாள். சிவநேசன் தன் பழைய சாகா காரை எடுத்தான், தாமரையும் கூட ஏறிக்கொண்டாள். போகிற வழியெல்லாம் நாலு ஜன்னலும் திறந்திருந்தன. ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் லோகேஸ்வரியால் இரண்டு வார்த்தை பேச முடிந்தது.

"அக்கா... கிட்ட வராத."

"ஏன்? நாறுறனா?"

உள்ளே மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி மாஸ்க் போட்டு, மருந்துக் கேஸ் வைத்தார்கள். வெள்ளைப் புகை நெஞ்சுக்குள் போய், முடிச்சு முடிச்சாக எதையோ அவிழ்த்தது. அரை மணி நேரத்தில் கண்ணுக்குக் கூரை தெரிந்தது. கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுத் தாமரை உட்கார்ந்திருந்தாள். லோகேஸ்வரி மாஸ்க்கை விலக்கினாள்.

"தள்ளி ஒக்காருக்கா. எனக்கு டிபி."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

"ஓ. நீ எந்த வருசம் டாக்டருக்குப் படிச்ச?"

"எங்கப்பாவுக்கு இதேதான்க்கா. மூணு மாசமா தட்டு தனியா வச்சிருக்கேன். புள்ளயத் தொடறதில்ல. வெளியில சொல்லிடாத. அவருக்கே தெரியாது."

தாமரை நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தாள்.

"லீவுல எப்படி இருந்துச்சி?"

"லீவுல இல்ல. சுத்தமா இல்ல. அரிசி மூட்டையோட நாலு மாடி ஏறினேன். அதான்க்கா பயமே. அணையப் போற வெளக்கு..."

"வெளக்காவது வெங்காயமாவது! ஏண்டி லோகேசு, டிபிக்குச் சீனப் பெருநாள் லீவு உண்டா? பதினோரு நாள் ஊருக்குப் போயிட்டு, ஃபேக்டரி தொறந்தன்னைக்கு பஞ்ச் கார்டு அடிச்சிட்டு வருமா அது? கவர்மெண்டு வேலையா பாக்குது?"

திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி உள்ளே போய் ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் வந்தாள். ஷாமினி என்று சட்டையில் பெயர். முப்பதுகூட இருக்காது, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. லோகேஸ்வரியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், எக்ஸ்ரேயைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்.

"ஆன்டி, என்ன வேலை?"

"இறால் உரிக்கிறது."

"லீவு நாள்ல குறையுதா?"

"குறையாது டாக்டர். ஞாயித்துக்கிழமைதான் ரொம்ப."

ஷாமினி நெற்றியைச் சுருக்கி எதையோ எழுதப் போனாள். தாமரை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"எழுதாதீங்க டாக்டர், எழுதாதீங்க! இவ ஞாயித்துக்கிழமை லீவா எடுக்கிறா? கதவச் சாத்திக்கிட்டு ஒரு சாக்கு இறால் தலைய வறுத்து அரைக்கிறா. ஃபேக்டரில ஆறு நாளு உரிக்கிறத, வீட்டுல ஏழாவது நாளு மூக்குப்பொடி போட்டுக்கிறா!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "தலையவா? அரைக்கிறீங்களா? வீட்டுக்குள்ளயா?"

"ஜன்னலையும் சாத்திடுவேன்" என்றாள் லோகேஸ்வரி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி. "பக்கத்து வீட்டுல ஏசுவாங்க."

"சீனப் பெருநாளுக்கு?"

"அப்ப தலை ஏது டாக்டர்? ஃபேக்டரியே பூட்டு."

"அப்ப இருமல்?"

"இல்ல."

ஷாமினி அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். மூன்று மாதமாக யாரும் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. லோகேஸ்வரி இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், டாக்டர் விடவில்லை.

"இது எத்தனை நாளா?"

"அது சும்மா சொறி டாக்டர். எல்லாருக்கும் வர்றதுதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"அதுவும் இதுவும் ஒண்ணுதான் ஆன்டி. கையில வெளிய தெரியுது, நெஞ்சுல உள்ள தெரியுது. உங்களுக்கு இறாலே ஆகல. இத்தன வருசம் தாங்கின ஒடம்பு, இனிமே முடியாதுன்னு சொல்லுது. அந்தத் தண்ணி, ஆவி, பொடி எல்லாம் மூச்சுல போய் குழாயச் சுருக்கிடுது. இது ஆஸ்துமா. இப்ப இறால் சாப்பிட்டா ஏதாவது பண்ணுதா?"

"நாக்கு அரிக்குது. மொளகாய்னு நெனச்சேன்."

தாமரை தலையில் அடித்துக்கொண்டாள்.

"டிபி இல்லையா டாக்டர்?" லோகேஸ்வரி அந்தக் கேள்வியைக் கேட்கும்போது குரல் ஒன்பது வயசுப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"எக்ஸ்ரே சுத்தமா இருக்கு. எனக்கு டிபி மாதிரி தெரியல. ஆனா உங்க மனசு நிம்மதியாகணும்ல, சளியும் எடுத்துப் பாத்திடுவோம். ரத்தம் எடுக்கிறேன், தோல் டெஸ்டுக்கும் தேதி தர்றேன். இறால் பக்கம் மட்டும் இனிமே போகாதீங்க. லெட்டர் தர்றேன்." எழுந்தவள் சட்டென்று தாமரை பக்கம் திரும்பினாள். "ஆன்டி, உங்க கையையும் காட்டுங்க."

தாமரை இரண்டு கையையும் முந்தானைக்குள் சொருகிக்கொண்டாள். "எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்லா" என்றாள். அந்த ஒரு தடவைதான் அவள் குரல் இறங்கிப் பேசியது.

சாயங்காலம் சுகுமாறன் வேலை உடுப்போடு ஓடி வந்தான். தாமரை எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிட்டாள், தட்டுச் சங்கதி உட்பட. வெளியில் சொல்லாதே என்றதெல்லாம் அவள் காதில் ஏறுகிற பேச்சில்லை. அவன் கட்டிலோரம் நின்று லோகேஸ்வரியையே பார்த்தான்.

"அப்ப கேஸ் தோம்பு மாத்தச் சொல்லிக் குடுத்தது..."

"ஆமா."

"அறிவு இருக்கா ஒனக்கு?" என்று சொல்லிவிட்டு, அவன் போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

மறுநாள் வீட்டுக்கு வந்தாள். பொடி ஒட்டிய டப்பா, சல்லடை, காலித் தலைச் சாக்கு எல்லாவற்றையும் சுகுமாறன் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கீழே குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோனான். மிக்சியையும் கொண்டுபோனான், அதை விட்டுவிடுங்கள் என்று இவள் கத்தியும் கேட்கவில்லை. நீலத் தட்டு மட்டும் பின்பக்கக் கம்பியில் அப்படியே இருந்தது. எக்ஸ்ரே சுத்தம் என்றார்கள், சரி. சளி ரிசல்ட் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் மாதவியைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளை கட்டிக்கொள்ள வந்தபோது முழங்கை தானாகவே தூக்கிக்கொண்டது.

ஃபேக்டரியில் லெட்டரைப் பார்த்த தவுக்கே, இறால் சாப்பிட்டால்தான் சொறி வரும், உரித்தால் எப்படி வரும் என்று ஒரு மணி நேரம் வாதாடினாராம். சிவநேசன் போனில் சொன்னான். "நான் சொன்னேன் அக்கா, 'தவுக்கே, லோகேஸ்வரி விழுந்தது என் கண்ணு முன்னால, அடுத்த தடவை விழுந்தா ஒங்க கண்ணு முன்னால விழட்டும், பாருங்க'ன்னேன். வாய மூடிட்டாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அட்டைப்பெட்டி ஸ்டோர் இருக்குல்ல, அங்க பெட்டி மடிக்கிற வேலை. மாசச் சம்பளம். கொஞ்சம் கம்மிதான்."

"இறால் வாடை வருமா தம்பி?"

"பசை வாடைதான். அதுக்கும் சொறி வந்தா சொல்லுங்க, ஒப்பீஸ்ல ஒக்கார வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட வேன் வருகிற நேரத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மலாயில் ஒரு நர்ஸ் பேசினாள். லோகேஸ்வரிக்கு மலாய் தண்ணி பட்டபாடு. இருந்தும் மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள். நர்ஸுக்குப் பொறுமை அதிகம். மூன்றாவது தடவை, "தாக் அட டிபி, காக். தாக் அட" என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துச் சொன்னாள். இல்லை அக்கா, இல்லை.

போனை வைத்துவிட்டு லோகேஸ்வரி பின்பக்கம் போனாள். கம்பியில் கவிழ்ந்திருந்த தட்டை எடுத்தாள். தூக்கி எறியத்தான் எடுத்தாள். பிறகு, எறிவானேன், தட்டு என்ன பாவம் செய்தது என்று தோன்றியது. சமையலறைத் தொட்டியிலேயே போட்டு, மற்ற பாத்திரங்களோடு சேர்த்துத் தேய்த்துக் கழுவினாள். அடுக்கில் எல்லாத் தட்டுக்கும் நடுவில் சொருகினாள்.

மாதவி பையைத் தரையில் போட்டுவிட்டுப் பசி என்றது. அடுக்கிலிருந்து கைக்கு வந்த தட்டை எடுத்தாள் லோகேஸ்வரி. அது நீலத் தட்டா வேறா என்று பார்க்கவில்லை. சோற்றைப் போட்டுப் பருப்பு ஊற்றி, கையால் பிசைந்து, தரையில் உட்கார்ந்து, "வா இங்க" என்றாள். பிள்ளை இரண்டடி தள்ளியே நின்றது.

"சொறி?"

"போயிடுச்சி. பாரு."

முழுக்கப் போகவில்லை, தோல் உரிந்து புதுத்தோல் ரோஜா நிறத்தில் வந்திருந்தது. மாதவி கிட்டே வந்து, கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தது. நாய்க்குட்டி மாதிரி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி முகர்ந்தது.

"நாறலம்மா."

"இனிமே நாறாது."

பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தது. மூன்று மாதத்தில் கனம் கூடியிருந்தது. லோகேஸ்வரிக்குத் தொடை வலித்தது, நகரச் சொல்லவில்லை. இரண்டாவது உருண்டைக்குள் சுகுமாறன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், மடியைப் பார்த்தான். ரிசல்ட் என்ன என்று கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"அப்ப இனிமே நம்ம வீட்டுல இறால் சம்பாலே கெடையாதா?"

"ஒங்க தங்கச்சி கடையில போய்ச் சாப்பிடுங்க. வர்றப்ப வாயக் கழுவிட்டு வாங்க."

"அங்க மட்டும் ஏது? தங்கச்சி பொடி இல்லாம கடையையே மூடணும்னு அழுவுது."

"நல்லா அழட்டும்" என்றாள் லோகேஸ்வரி. சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிகிற இடத்தில் வழக்கமாக இருமல் வரும். அவள் ஒரு நொடி அதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மூன்றாவது உருண்டையை உருட்டினாள்.